தேயிலை மணமும் அத்தர் வியாபாரமும்

ஊது, சந்தனம், கஸ்தூரி, ரோஜா, மல்லிகை என்று கேட்டு வாங்கும் வாடிக்கைக்காரர்களுக்கிடையே, “பிளாக் டீ வாசனை உண்டா?” என்று கேட்கும் வாலிபர்களும் இப்பொழுது அத்தர்க் கடைகளுக்கு வருகிறார்கள். நம் வியாபாரிகள் சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். காலை முதல் நள்ளிரவு வரை தேத்தண்ணீர் ஆற்றிக் கொடுத்தே பிழைப்பு நடத்தியவர்கள் நம்மில் அநேகர். அந்தத் தேயிலையின் வாசனையை மேனியில் பூசிக்கொள்ள ஒருவர் பணம் கொடுப்பாரா என்று கேட்கத் தோன்றும். கொடுக்கிறார், அதுவும் நல்ல விலை கொடுக்கிறார். ஆகவே குப்பிக்குள் இருப்பது என்ன, எங்கிருந்து வருகிறது, அதை என்ன பெயர் சொல்லி விற்பது நியாயம் என்பனவற்றை நாம் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

முதலில் இலையைக் கவனிப்போம். தோட்டத்தில் பறித்த பச்சைக் கொழுந்தைக் கசக்கி முகர்ந்தால் தேயிலை வாசனை வராது. புல்லின் வாசனைதான் வரும். பிற்பாடு தோன்றும் மணத்தின் பெரும் பகுதி இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து, பூட்டிய பெட்டிக்குள் இருப்பதுபோல் அடங்கிக் கிடக்கிறது. கொழுந்தை வாட்டி, உருளையில் இட்டு உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் உடைகின்றன. அவற்றிலுள்ள நொதிகள் அந்தப் பூட்டைத் திறந்துவிடுகின்றன. உள்ளேயிருந்த லினலூல், ஜெரானியால் போன்ற வாசனைப் பொருள்கள் வெளிப்படுகின்றன. லினலூல் என்பது கொத்தமல்லி விதையிலும் உள்ளது. ஜெரானியால் ரோஜா எண்ணெயில் உள்ளது. இலையிலுள்ள மஞ்சள் நிறச் சத்தான கரோட்டின் வகைகளும் இதே வேளையில் சிதைந்து, அயோனோன், டமாஸ்ஸினோன் என்னும் இரு முக்கியமான மணங்களைத் தருகின்றன. முன்னது வயலட் பூவின் மணம். பின்னது உலர்ந்த பழமும் தேனும் கலந்தாற்போன்றது. பெயரிலேயே டமாஸ்கஸ் ரோஜாவைச் சுமந்து நிற்பது. கறுப்புத் தேயிலையில் இப்படி அறுநூற்றுக்கும் மேற்பட்ட மணப் பொருள்களை ரசாயன நிபுணர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் நீக்கிவிடலாம். உருட்டிய இலையைப் பரப்பிக் காற்றுப்பட வைப்பதைத் தேயிலைத் தொழிற்சாலையில் புளிக்க வைத்தல் என்கிறார்கள். அச்சொல்லைக் கேட்டு, இதில் மது சம்பந்தம் உண்டோ என்று ஐயுறுவோர் இருக்கின்றனர். கிஞ்சிற்றும் இல்லை. ஈஸ்ட் சேர்ப்பதுமில்லை, சாராயம் உண்டாவதுமில்லை. அறுத்து வைத்த ஆப்பிள் துண்டு காற்றுப்பட்டுச் சிவப்பதைப் போன்ற மாறுதல்தான் அது. பிறகு சூட்டில் உலர்த்தியதும் இலை கறுத்துவிடும். கறுப்புத் தேயிலை என்ற பெயரும் அதனால் வந்ததே.

ஒவ்வோர் ஊர்த் தேயிலைக்கும் ஒவ்வொரு வாசனை உண்டு. இலங்கையின் ஊவா மலைப்பகுதியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். அந்தப் பருவத்துக் கொழுந்தில் மெதில் ஸாலிஸிலேட் என்னும் பொருள் மிகுந்து, குளிர்ச்சியான ஒரு மணம் ஏறும். அது எதைப்போல் இருக்கும் என்று கேட்டால், நம் வீட்டில் தலைவலிக்குப் பூசும் கோடாலித் தைலத்தை நினைத்துக்கொள்ளலாம். அத்தைலத்திலும் இதே பொருள் சேர்ந்திருக்கிறது. ஊவாத் தேயிலையை அறிந்தவர்கள் அதன் பருவத்துக்காகக் காத்திருந்து வாங்குவது இம்மணத்தின் பொருட்டே. சீனத்துக் கீமுன் தேயிலையில் ஜெரானியால் மிகுதி; ஆகவே ரோஜாவின் சாயல் தெரியும். அஸ்ஸாம் தேயிலையில் லினலூலும் அதைச் சேர்ந்தவையும் மேலோங்கி நிற்கும்.

டார்ஜிலிங் விஷயம் எல்லாவற்றிலும் விசித்திரமானது. அங்கே இரண்டாம் பறிப்புக் காலத்தில், மே, ஜூன் மாதங்களில், பச்சைத் தத்துப்பூச்சி என்னும் சிறு பூச்சி கொழுந்தைக் கடித்துச் சாற்றை உறிஞ்சுகிறது. கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் சில மணப் பொருள்களை உண்டாக்குகிறது. அதனால் தேயிலையில் மஸ்கட் திராட்சையின் வாசனை ஏறி, விலையும் ஏறிவிடுகிறது. ஊது வியாபாரம் செய்வோருக்கு இது புதிதன்று. நம் மலாயாக் காட்டு அகில் மரமும் காயம்பட்டு, அக்காயத்தில் பூஞ்சணம் பற்றிய பிறகன்றோ காரு என்ற வாசனைக் கட்டையைத் தருகிறது. நலமாக நிற்கும் மரத்தில் அது இல்லை.

தேத்தண்ணீர்க் கடைக்கு வாங்கும் தூள் இவற்றோடு சேராது. இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யப்படும் அத்தூள் சாயத்துக்கும் திடத்துக்கும் பேர் போனது, பாலுக்கு ஈடுகொடுக்கும். தே தாரிக் ஆற்றுவதற்கு அதைவிடச் சிறந்ததில்லை. ஆனால் மணம் வடிக்க அது ஏற்றதன்று. அதற்கு முழு இலைதான் வேண்டும். கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம் முதல் நீலகிரித் தோட்டங்கள் வரை தமிழர் கை படாத கொழுந்து மிகக் குறைவு. அந்தக் கொழுந்தை வாசனைக் கண்ணோடு பார்க்கும் வியாபாரி நம்மில் அபூர்வமாக இருப்பது ஒரு குறைதான்.

இனிப் புகைத் தேயிலை. சீனாவின் புக்கியன் மாகாணத்தில் வூயி மலை என்றொரு மலை உண்டு. அதிலுள்ள தோங்மூ என்னும் ஊரில் தேயிலையைப் பைன் மர விறகின் தணலில் வாட்டி உலர்த்துகிறார்கள். பிசின் நிறைந்த அப்புகை இலையில் ஊறிவிடுகிறது. லாப்சாங் சூச்சோங் என்று பெயர் பெற்ற இதை முதன்முறை முகர்பவர் கருவாட்டையோ புகையூட்டிய இறைச்சியையோ நினைப்பார். இரண்டாம் முறை பழைய தோல் பெட்டியை நினைப்பார். வாசனைத் தைலக்காரர்கள் ‘பிளாக் டீ’ என்று பெயரிட்டு விற்கும் பலவற்றுக்கும் அடிப்படை இந்தப் புகை மணமே. சொல்லப் போனால் ‘தே’ என்ற சொல்லே அந்தப் புக்கியன் கரையோர மக்களின் பேச்சிலிருந்து வந்தது. மலாய்க்காரர்கள் ‘தே’ என்பதும், நாம் இலையைச் சேர்த்துத் ‘தேயிலை’ என்பதும் அவ்வழி. நம்மவர் வாயில் வழங்கும் ‘சாயா’வோ சீனத்தின் மற்றொரு சொல்லான ‘சா’விலிருந்து தரைவழியாகப் பாரசீகம், அரபகம் எல்லாம் பரவிய கிளையைச் சேர்ந்தது. இரண்டு சொற்களும் நம் கடைகளிலேயே சந்தித்துக்கொள்கின்றன.

இலையிலிருந்து மணத்தைப் பிரிப்பது எளிதா? எளிதன்று. கன்னோஜ் நகரத்தில் செப்பு தேகிலே ரோஜாவை இட்டுத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள் அல்லவா? தேயிலையை அம்மாதிரி வடித்தால் கைக்கு வருவது அற்பம். உலர்ந்த தேயிலையில் ஆவியாகும் மணச் சத்து நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் மிகச் சிறு பின்னமே. ஆகவே வேறு வழி தேடினார்கள். ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் இலையை ஊறவைத்து, கரைப்பானைப் போக்கினால் மெழுகு போன்ற ஒரு பொருள் நிற்கும். அதை எதில் ஆல்கஹாலில் கழுவி, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் ஆவியாக்கி விட்டால் ‘அப்ஸொலூட்’ என்னும் கெட்டிச் சத்து கிடைக்கிறது. இன்னொரு வழி, கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி மணத்தை இழுப்பது. இதில் ஹெக்ஸேனும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை.

இவ்வாறு கிடைக்கும் தேயிலை அப்ஸொலூட்டை முகர்ந்தால் கோப்பையில் வரும் ஆவியின் வாசனை அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது கரும்பழுப்பாய், பிசுபிசுப்பாய் இருக்கும். உலர்ந்த வைக்கோல், புகையிலை, தோல், கொஞ்சம் தேன், கொஞ்சம் உலர்ந்த பழம் எல்லாம் கலந்த மணம். கோப்பையில் நாம் முகரும் லேசான பூமணம் எளிதில் ஆவியாகிப் போவது. அது இச்சத்தில் குறைந்துபோகிறது. நிறத்தையும் மறந்துவிடலாகாது. கலப்பில் இது சற்றுக் கூடினால் ஜும்ஆவுக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையில் கறை விழும். வாடிக்கைக்காரர் மறுநாள் சட்டையோடு கடைக்கு வருவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தேயிலையின் பெயரைக் கொண்ட நறுமணங்களில் பெரும்பாலானவற்றில் தேயிலை முக்கியச் சரக்காக இருப்பதில்லை. பலவற்றில் துளிகூட இல்லை. இது மேல்நாட்டுப் பெரிய கம்பெனிகளுக்கும் பொருந்தும். தேயிலை மணத்தை உலகத்துக்கு அறிமுகம் செய்த பெருமை, பிரெஞ்சு வாசனை நிபுணர் ஜான்-குளோட் எலேனா 1992-இல் புல்காரி நிறுவனத்துக்காக அமைத்த பச்சைத் தேயிலை நறுமணத்தைச் சாரும். அதன் உயிர்நாடி இரண்டு செயற்கைப் பொருள்கள்: ஒன்று அயோனோன், மற்றது மல்லிகையின் சாயலுள்ள ஹெடியோன். அயோனோனை ஜெர்மானிய ரசாயனியான டீமன் என்பவர் 1893-லேயே செய்து காட்டிவிட்டார். ஹெடியோன் 1966-இல் வெளிவந்த ‘ஓ சொவாஜ்’ என்னும் நறுமணத்தின் மூலம் பிரபலமாயிற்று. இவ்விரண்டையும் சரியான அளவில் சேர்த்தால் மூக்கு ‘தேயிலை’ என்கிறது. உண்மைத் தேயிலையிலும் அயோனோன் இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். எனவே மூக்கு முற்றிலும் ஏமாந்தது என்று சொல்வதற்கில்லை.

கறுப்புத் தேயிலைக்கு வந்தால், அதே புல்காரி நிறுவனம் 1998-இல் ‘பிளாக்’ என்ற பெயரில் புகைத் தேயிலையையும் ரப்பரையும் நினைவூட்டும் ஒன்றை வெளியிட்டது. அமைத்தவர் அன்னிக் மெனார்தோ என்னும் பெண்மணி. ரப்பர்த் தோட்டங்களைக் கண்ட நமக்கு அந்தச் சேர்க்கை விபரீதமாகத் தோன்றாது. 2000-இல் ஒலிவியா ஜியாக்கொபெட்டி அமைத்த ‘டீ ஃபார் டூ’வில் புகைத் தேயிலையோடு இஞ்சி, பட்டை, தேன் சேர்ந்து, ஏறக்குறைய நம் மசாலாத் தேத்தண்ணீர் போலவே அமைந்தது. 2015-இல் ‘லெ லாபோ’வின் ‘தே நுவார் 29’ அத்தி, பிரிஞ்சி இலை, புகையிலை ஆகியவற்றோடு வந்தது. இவற்றின் சாயலில் செய்யப்பட்ட எண்ணெய்கள்தாம் பின்னர் அத்தர்க் கடைகளின் அலமாரிக்கு வந்து சேருகின்றன.

தேயிலைக்குப் பதிலாக வேறு இயற்கைப் பொருளும் புழங்குகிறது. தென் அமெரிக்காவில் பானமாகக் குடிக்கும் மாத்தே என்னும் இலையின் அப்ஸொலூட் அது. வைக்கோலும் தேயிலையும் கலந்த மணமுள்ளது. தேயிலைச் சாயல் வேண்டிய இடத்தில் நிபுணர்கள் பலர் இதையே கையாளுகிறார்கள். புகைக்கு பிர்ச் மரத்தின் தார் அல்லது கேட் எண்ணெய். இவ்விரண்டையும் வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுத்திகரிக்காத தாரில் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் இருக்கின்றன. ஆகவே சர்வதேச வாசனைப் பொருள் சங்கமாகிய இஃப்ரா கச்சாத் தாரைத் தடுத்து, சுத்திகரித்ததை மட்டுமே கட்டுப்பாட்டோடு அனுமதிக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்திரமில்லாத தாரை வாங்கிக் கலப்பது பிறர் தோலில் பரீட்சை செய்வதாகும்.

‘ஏர்ல் கிரே’ என்னும் பெயரில் வரும் அத்தரிலும் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமொட் என்னும் எலுமிச்சை இனத்துப் பழத்தோலின் எண்ணெயைக் கறுப்புத் தேயிலையில் ஏற்றினால் அதுவே ஏர்ல் கிரே. அந்த எண்ணெயில் பெர்காப்டன் என்றொரு பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சிவந்து, கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கருந்தழும்பாய் நிற்கும். இஃப்ரா விதிப்படி, தோலில் அப்படியே விடப்படும் சரக்கில் சாதாரண பெர்கமொட் எண்ணெய் நூற்றுக்கு 0.4 பங்குக்கு மேற்படக் கூடாது. நம் கணக்கில் சொன்னால், 12 மில்லி கொண்ட ஒரு தோலாக் குப்பியில் ஏறத்தாழ ஒரே ஒரு சொட்டு! ஒரு சொட்டில் மணம் எப்படி நிற்கும்? நிற்காது. ஆகவே பெர்காப்டன் நீக்கிய எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பிரே நறுமணத்தைவிட அத்தருக்கு இந்த எச்சரிக்கை அதிகம் வேண்டும். அத்தரைத் தண்ணீராக்காமல் கழுத்திலும் காதின் பின்புறத்திலும் நேராகப் பூசிக்கொண்டு, லுஹர் நேரத்து வெயிலில் நம் மக்கள் நடக்கிறார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் அவர்கள் கேட்டது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஈரத் தானியத்தை விற்காதே என்று சொல்லவில்லை. மறைக்காதே என்பதே அங்கே போதனை. அவ்வண்ணமே தேயிலையில்லாத தேயிலை அத்தரை விற்பதில் குற்றமில்லை. அயோனோனும் ஹெடியோனும் கெட்ட சரக்கல்ல. பெரிய நிபுணர்களே கையாளும் சரக்கு. ஆனால் “சுத்தமான தேயிலையிலிருந்து வடித்தது, இயற்கையானது” என்று வாயால் சொல்லி விலையை உயர்த்தினால் அது வேறு கதை. “தேயிலை மணம்” என்று சொல்லலாம்; “தேயிலைச் சத்து சேர்ந்தது” என்று சொல்வதற்குச் சத்து சேர்ந்திருக்க வேண்டும். ஊது விஷயத்தில் இந்தப் பேதத்தைக் காக்கத் தவறியதால்தான், அசல் சரக்கை வைத்திருப்பவரும் இன்று சத்தியம் செய்து விற்க வேண்டியிருக்கிறது. தேயிலை மணம் புதுச் சரக்கு. அதையாவது ஆரம்பத்திலேயே நேராக வைத்துக்கொள்ளலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? மொத்த வியாபாரியிடம் சரக்கின் விவரப் பத்திரத்தைக் கேட்பதுதான் முதல் வழி. நறுமணப் பொருளும் ஒப்பனைப் பொருள்களின் சட்டத்துக்குள் வருவது. ஆசியான் ஒப்பந்தப்படி 2008 முதல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதற்கு அறிவிப்பு முறை நடப்பில் இருக்கிறது. பத்திரம் தர மறுப்பவரிடம் வாங்காமலிருப்பது உத்தமம். இரண்டாவது வழி மூக்கு. தாள் துண்டில் ஒரு சொட்டு விட்டு உடனே முகர்க. அரை மணி கழித்தும், மறுநாள் காலையிலும் முகர்க. பெர்கமொட் முதலில் போய்விடும். பிறகு அயோனோனும் மல்லிகைச் சாயலும் மெதுவாக இறங்கும். மறுநாள் வெறும் தார்ப் புகை மட்டும் மிஞ்சினால் அது புகையை வைத்தே கட்டிய சரக்கு. வைக்கோலும் புகையிலையும் தேனும் அடியில் தங்கி நின்றால் அப்ஸொலூட்டோ மாத்தேயோ சேர்ந்திருக்கக் கூடும். மூக்கு சாட்சி சொல்லும். ஆனால் தீர்ப்புக்குப் பத்திரம்தான் வேண்டும்.

ஆல்கஹால் கேள்வி இந்தச் சரக்கிலும் எழுகிறது. “ஆல்கஹால் இல்லாதது” என்று எழுதி ஒட்டுவது நம் கடைகளில் வழக்கம். தேயிலை அப்ஸொலூட் தயாரிப்பில் ஆல்கஹால் கொண்டு கழுவும் கட்டம் உண்டென்று மேலே கூறினோம். அதில் சிறு அளவு தங்கியிருக்கலாம். மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 2011-இல், கரைப்பானாக ஆல்கஹால் சேர்ந்த நறுமணப் பொருள்கள், அந்த ஆல்கஹால் மது தயாரிக்கும் முறையில் பெறப்படாததாயின், நஜீஸ் அல்ல, ஆகுமானவை என்று அறிவித்திருக்கிறது. ஆகவே மார்க்க ரீதியில் வாசல் அடைபடவில்லை. ஆயினும் பேணுதலுக்காக விலகிக்கொள்ள விரும்பும் வாடிக்கைக்காரர் உண்மையைக் கேட்டால், கரியமில வாயு முறையில் எடுத்த சத்தா, அப்ஸொலூட்டா என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அளவையும் இந்த இடத்தில் பேசிவிடுவது நல்லது. தோலா என்பது எடை, 11.66 கிராம். கடையில் நாம் ஊற்றிக் கொடுப்பதோ 12 மில்லிக் குப்பி. அக்காலத்தில் அத்தர் சந்தன எண்ணெயில் இறங்கியது; 12 மில்லி சந்தன எண்ணெயின் எடை ஏறக்குறைய 11.6 கிராம். எனவே கணக்கு சரியாகப் பொருந்தியது. இப்போது அடிப்படை எண்ணெய் மாறிவிட்டது. ஐஸோபுரோப்பைல் மிரிஸ்டேட்டில் கலந்த அத்தர் லேசானது. 12 மில்லி 10.2 கிராம்தான் நிற்கும். டைபுரோப்பிலீன் கிளைக்காலில் கலந்தால் 12.2 கிராம். தோலா என்று சொல்லி லேசான சரக்கை மில்லியில் ஊற்றினால், ஒவ்வொரு குப்பியிலும் ஒன்றரைக் கிராம் வாடிக்கைக்காரருக்குக் குறைகிறது. அளவில் குறைப்போரைப் பற்றித் தனி ஸூராவே இறங்கியிருக்கும்போது இதை நாம் சில்லறை விஷயம் என்று தள்ள முடியாது. குப்பியின்மேல் 12 மில்லி என்று மட்டும் அச்சிட்டுத் தோலாவை விட்டுவிட்டால் வழக்கே இல்லை.

மளிகையும் அத்தரும் ஒரே கடையில் வைத்திருப்போர்க்கு ஒரு வார்த்தை. தேயிலை பிற வாசனையை இழுத்துக்கொள்வதில் பஞ்சைப் போன்றது. சீனத்துப் புஜோ நகரில் இரவில் மலரும் மல்லிகையைத் தேயிலையோடு கலந்து வைத்து, காலையில் பூவை நீக்கி, மறுபடியும் மறுபடியும் புதுப் பூவிட்டு மல்லிகைத் தேயிலை செய்வது இந்தக் குணத்தைக் கொண்டுதான். அங்கே அது கைத்தொழில். நம் கடையிலோ நஷ்டம். கஸ்தூரி அத்தரின் பக்கத்தில் மூடி சரியில்லாத தேயிலைப் பெட்டி பத்து நாள் இருந்தால், அந்தத் தேத்தண்ணீரை யாரும் இரண்டாம் வாய் குடிக்க மாட்டார்கள். இரண்டையும் வெவ்வேறு அறையில் வைக்க வசதியில்லையெனில், தேயிலையைத் தகரப் பெட்டியில் இறுக மூடிக் கடையின் மறுகோடியில் வைத்து, அத்தர்ச் சொட்டு விட்ட தாள்களை அன்றன்றே வெளியே எறிந்துவிட வேண்டும்.